டைலுக்குப் பின்னே நிற்கும் தண்ணீர்

பழைய குளியலறைகளில் பார்க்கிற ஆறு அங்குலச் சதுர வெள்ளை டைல் ஒன்று கால் கிலோ எடை இருக்கும். அதைச் சுவரோடு பிடித்து வைக்க எவ்வளவு வலு வேண்டும்? சிமெண்ட் கலந்த டைல் பசைக்கு ஐரோப்பியத் தரவரையறை கேட்கும் குறைந்தபட்சப் பிடிமானம், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை நியூட்டன். கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஒரு டைலின் முழுப் பரப்புக்கும் பெருக்கிப் பார்த்தால் 11,000 நியூட்டனைத் தாண்டுகிறது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டாலும் தாங்கும் பிடி அது. கால் கிலோ பொருளுக்கு ஒரு டன் பிடி இருந்தும், கடலூர் மாவட்டத்து வீடுகளில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒட்டிய டைல்கள் சில ஆண்டுகளிலேயே உப்புகின்றன, ஓசை மாறுகின்றன, ஒரு நாள் கழன்று விழுகின்றன.

டைலைக் கீழே தள்ளுவது அதன் எடை இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. பிடியைப் பின்னாலிருந்து அரிப்பவை வேறு: ஊறும் தண்ணீர், அது சுமந்து வரும் உப்பு, வெந்நீரின் சூடு, உலர உலரச் சுருங்கும் சிமெண்ட், ஈரம் குடித்து விரியும் டைல். இவற்றைக் கவனிக்காமல் பழைய டைலைப் பெயர்த்துவிட்டுப் புதியதை ஒட்டினால், அதே செலவு இன்னொரு முறை வந்து நிற்கும்.

தொட்டி தள்ளும் சுவர்

மேலை நாட்டு வீடுகளில் இந்தத் தொல்லை, படுத்துக் குளிக்கும் தொட்டியைச் சுற்றி வரும். நம் பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது, குளியலறை மூலையில் செங்கல் வைத்துக் கட்டிச் சிமெண்ட் பூசி டைல் ஒட்டிய தண்ணீர்த் தொட்டி. குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் பிடித்து வைத்து, சொம்பால் மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டுக்காக அமைந்தது. தொட்டியின் உள்பக்கம், வெளிப்பக்கம், அதையொட்டி எழும் இரண்டு சுவர்கள் என நான்கு இடங்களில் டைல் இருக்கும். நான்கும் நாள் முழுக்க நனையும்.

அந்தச் சுவர்களின் வயதையும் பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. 1961 ஆகஸ்டில் முதல் சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. அந்தக் காலத்தையொட்டி வட்டம் வட்டமாக வளர்ந்ததுதான் நகரியம். அதே மாவட்டத்தில் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கும் நெல்லிக்குப்பம் அதைவிடப் பழைய ஊர். அங்குள்ள பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842-ல் தொடங்கியது. அரை நூற்றாண்டு தாண்டிய சுவர்கள் இரண்டு ஊர்களிலும் உண்டு. அவற்றில் டைல் பெரும்பாலும் பின்னாளில் ஏறியது. முதலில் வெறும் சிமெண்ட் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ இருந்த சுவரைக் கொத்திவிட்டு, அதன்மேல் டைல் ஒட்டியிருப்பார்கள்.

பழைய சுண்ணாம்புச் சாந்துக்கும் இன்றைய சிமெண்டுக்கும் குணம் வேறு. சுண்ணாம்புச் சாந்து மெத்தென்றிருக்கும், சுவரின் ஈரத்தை வெளியே விடும், சிறு அசைவுக்கு இடம் கொடுக்கும். அதில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்த கொத்தனார்கள் காரணம் தெரிந்தே சேர்த்தார்கள். அந்த வெல்லத்தைச் சிமெண்டில் சேர்க்கக் கூடாது. சர்க்கரை மூலக்கூறுகள் சிமெண்ட் துகள்களின் மேற்பரப்பில் படிந்து, தண்ணீரோடு அது வினைபுரிவதைத் தடுத்துவிடும். சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரை கலந்தாலே இறுகும் நேரம் வெகுவாகத் தள்ளிப்போகும். கரும்பு விளையும் ஊரில் கலவை போடும் பாத்திரமும் மணல் அள்ளும் சாக்கும் சர்க்கரைப் பக்கம் போகாதவையாக இருப்பது நல்லது.

தொட்டிக்கு வருவோம். இரண்டு அடி அகலமும் இரண்டு அடி ஆழமும் கொண்ட ஒரு பக்கச் சுவரை எடுத்துக்கொள்வோம். தொட்டி நிரம்பியிருக்கும்போது தண்ணீர் அந்தச் சுவரை ஏறத்தாழ 110 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. மேல்விளிம்பில் அழுத்தம் இல்லை, அடியில்தான் மிக அதிகம். காலையில் நிரப்புகிறோம், மாலைக்குள் காலியாகிறது, மறுநாள் மீண்டும் நிரப்புகிறோம். ஒவ்வொரு முறையும் சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெளியே வளைந்து உள்ளே திரும்புகிறது. தொட்டியும் வீட்டுச் சுவரும் சேரும் மூலையில்தான் இந்த அசைவு முழுவதும் வந்து முட்டும். விரிசல் முதலில் அங்கே விழுவதற்கு இதுதான் காரணம். அந்த மூலையை நாம் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைக்கிறோம். உலர்ந்த வெள்ளை சிமெண்டோ வளையாது, உடையத்தான் செய்யும்.

ஈரம் குடிக்கும் சுட்ட மண்

டைல் என்பது சுட்ட களிமண். அந்தக் களிமண்ணோடு நெய்வேலிக்கு நெருங்கிய உறவு உண்டு. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அதைக் கழுவித் தூய்மையாக்கி விற்க நிலக்கரி நிறுவனம் தன் தொடக்க காலத் திட்டங்களில் ஒன்றாகவே ஓர் ஆலையை நடத்தியது. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் உள்ளன. மின்சார ஃபியூஸ் கட்டைகளும் பீங்கான் பொம்மைகளும் செய்யும் ஊர் அது. இன்று நம் கடைகளில் விற்கும் டைல்களில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. ஆனாலும் சுட்ட மண்ணின் குணத்தை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளைக் களிமண்ணின் முக்கியக் கனிமம் கயோலினைட். அதன் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம், படிக அமைப்புக்குள்ளேயே பிணைந்து கிடக்கும் நீர். சூளையில் வெப்பம் 500, 600 டிகிரியைத் தொடும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அதற்கும் மேலே, சுவர் டைல்களை 1,100 டிகிரியையொட்டிச் சுடுகிறார்கள். தரை டைலைப் போல அவற்றை முழுக்க உருகிக் கண்ணாடியாக விடுவதில்லை. அதனால் சுவர் டைலின் முகத்தில் பளபளப்பான கண்ணாடிப் பூச்சும் முதுகில் நுண்துளைகள் நிறைந்த மண்ணுமாக இருக்கும். தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீரை அந்த முதுகு உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உருகிய விட்ரிஃபைடு டைல் உறிஞ்சுவதோ அரை சதவீதத்துக்கும் குறைவு.

சூளையில் போன நீர் போனதோடு முடிந்துவிடுவதில்லை. சூளையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து சுட்ட மண் காற்றின் ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. இந்த நீர் துளைகளில் தேங்குவது மட்டும் இல்லை; ஒரு பகுதி மண்ணின் வேதியமைப்புக்குள் மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. அதனால் டைல் மிக மெல்ல விரிகிறது. வெயிலில் காய வைத்தாலும் இந்த விரிவு திரும்பிப் போகாது. மறுபடி சூளையில் போட்டால்தான் போகும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மொய்ரா வில்சனும் அவருடைய குழுவினரும் பழைய செங்கற்களை அளந்து, இந்த விரிவுக்கு ஒரு விதி இருப்பதை 2003-ல் வெளியிட்டார்கள். விரிவு, காலத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. முதல் ஆண்டில் எவ்வளவு விரிகிறதோ, அது இரட்டிப்பாக 16 ஆண்டுகள் ஆகும். மும்மடங்காக 81 ஆண்டுகள் ஆகும். வேகம் குறைந்துகொண்டே போகும், ஆனால் ஒருபோதும் நிற்காது. 2009-ல் அதே குழு இந்த விதியை வைத்துப் பழைய செங்கல், மட்பாண்டம் ஆகியவற்றின் வயதைக் கணிக்கும் முறையை முன்வைத்தது. எல்லா மட்பாண்டங்களுக்கும் அது பொருந்துமா என்ற விவாதம் இருந்தாலும், சுட்ட மண் ஈரத்தால் விரிகிறது என்பதில் விவாதம் இல்லை.

பழைய வெள்ளை டைலை உற்றுப் பார்த்தால் முகத்தில் தலைமுடி போன்ற மெல்லிய கீறல்கள் வலைபோலப் படர்ந்திருக்கும். அதற்கும் இதுதான் காரணம். முதுகு மண் விரிகிறது. முகத்துக் கண்ணாடிப் பூச்சு விரியாது. இழுவை தாங்காமல் பூச்சு கீறுகிறது. அந்தக் கீறலில் அழுக்கும் எண்ணெயும் போய்ச் சேர்ந்ததும் டைல் பழுப்பாகத் தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தக் கறை பூச்சுக்கு மேலே இல்லை, பூச்சுக்குள் இருக்கிறது.

ஒன்று சுருங்க, ஒன்று விரிய

டைல் விரிகிறது என்றால் அதன் பின்னால் இருக்கும் சிமெண்ட் பூச்சு எதிர்ப்பக்கம் போகிறது. கலவையில் ஊற்றும் தண்ணீர் முழுவதும் வேதிவினைக்குச் செலவாவதில்லை. மிச்சத் தண்ணீர் மாதக்கணக்கில் ஆவியாகும்போது பூச்சு சுருங்குகிறது. சாதாரண சிமெண்ட் பூச்சு மீட்டருக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கும். டைலின் ஈர விரிவு மீட்டருக்கு 0.6 மில்லிமீட்டரைத் தாண்டினால், ஒட்டும் முறையும் சரியில்லாதபோது தொல்லை வரலாம் என்று சர்வதேசத் தரவரையறை எச்சரிக்கிறது. மூன்று மீட்டர் நீளச் சுவரில் இரண்டையும் கூட்டினால் எதிரெதிர் அசைவு மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை போகலாம்.

சூடும் தன் பங்கைச் சேர்க்கிறது. கீசரிலிருந்து வரும் வெந்நீர் சுவரில் படும்போது டைலின் முகம் சட்டென்று 20, 30 டிகிரி ஏறுகிறது. பின்னால் இருக்கும் சுவர் ஏறுவதில்லை. குளித்து முடித்ததும் முகம் மீண்டும் குளிர்கிறது. ஒரு முறைக்கான அசைவு சிறியது. ஆனால் பத்து ஆண்டுகளில் அது பல ஆயிரம் முறை நடந்திருக்கும்.

இந்த அசைவுகள் எங்காவது போயாக வேண்டும். டைலுக்கும் டைலுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் அங்கே போகும். நம் வீடுகளில் கேட்பதோ, “கோடே தெரியக் கூடாது மேஸ்திரி, ஒட்டி ஒட்டி வையுங்க” என்பதுதான். வீட்டுக்காரர் சொன்னபடி டைல்களை விளிம்போடு விளிம்பு முட்ட வைத்தால், விரிவுக்குப் போக்கிடமே இருக்காது. அழுத்தம் ஏறி ஏறி, ஒரு கோடை நாளில் இரண்டு டைல்கள் கூரைபோல எழும்பி நிற்கும். தரையில் இது வெடிச் சத்தத்தோடு நடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சுவரில் சத்தமில்லாமல் நடக்கும். பிடி விட்டுப்போகும், டைல் மட்டும் பக்கத்து டைல்களின் நெருக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

தட்டிப் பார்த்தால் தெரியும்

பிடி விட்ட டைலைக் கண்டுபிடிக்கக் கொத்தனார்கள் செய்வது எளிமையானது, அறிவியலும் ஒப்புக்கொள்வது. கரணையின் கைப்பிடியாலோ ஒரு நாணயத்தின் விளிம்பாலோ டைலைத் தட்டிக்கொண்டே போவார்கள். கெட்டியாக ஒட்டிய இடத்தில் சத்தம் ‘டக்’ என்று அங்கேயே முடியும். அடிக்கும் சக்தி சுவரின் பெரும் எடைக்குள் போய்விடுவதால் டைல் தனியாக அதிர்வதில்லை. பிடி விட்ட இடத்தில் ‘டொம்’ என்று தாழ்ந்த சத்தம் வந்து, ஒரு கணம் நீடித்து ஓயும். அங்கே டைல் ஒரு மெல்லிய தகடாகத் தனியே அதிர்கிறது. “உள்ள காலியா இருக்கு சார்” என்று மேஸ்திரி சொல்வது இதைக் கேட்டுத்தான்.

அப்படி ஓசை மாறிய ஒரு டைலை முழுசாகப் பெயர்த்து, அதன் முதுகைப் பார்க்க வேண்டும். அங்கேதான் எல்லா விவரமும் எழுதியிருக்கும். நான்கு மூலையிலும் நடுவிலுமாகக் கலவை உருண்டை வைத்து அழுத்திய தடம் தெரியும். உருண்டைகளுக்கு நடுவே கலவையே படாத வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஈரம் கோத்துக் கறுத்த சுவர், சில வேளை விரலில் ஒட்டும் வெள்ளை உப்பு, ஓர் ஊறல் வாடை. டைலின் பாதிப் பரப்பு ஒருபோதும் சுவரைத் தொட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரியவரும். முதலில் பார்த்த ஒரு டன் கணக்கு, முழுப் பரப்பும் ஒட்டியிருந்தால் மட்டுமே செல்லும்.

ஓதம் ஏறும் வழி

தண்ணீர் எப்படி உள்ளே போனது? டைலின் முகம் கண்ணாடி; அதன் வழியே போகாது. இடைக்கோடுகளில் நிரப்பிய வெள்ளை சிமெண்ட் வழியாகப் போனது. அது பார்வைக்குத்தான் அடைப்பு. உள்ளே நுண்துளைகள் நிறைந்திருக்கும். குறுகிய துளையில் தண்ணீர் தானாக ஏறும். துளை குறுகக் குறுக ஏறும் உயரம் கூடும். ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில், ஆவியாகாமல் இருந்தால், 14 மீட்டர் வரை தண்ணீர் ஏற முடியும் என்பது கணக்கு. நடைமுறையில் அவ்வளவு ஏறாததற்குக் காரணம், வழியில் சுவரின் முகத்திலிருந்து ஈரம் ஆவியாகிவிடுவது.

அந்த முகத்தைத்தான் டைல் ஒட்டி மூடிவிடுகிறோம். இடைக்கோடு வழியாக உள்ளே போன தண்ணீர் பளபளப்பான முகம் வழியாக வெளியேற முடியாது. மேலேயும் பக்கவாட்டிலும் வழி தேடிப் போகிறது. குளியலறையில் டைல் முடியும் உயரத்துக்குச் சற்று மேலே சுண்ணாம்பு பொரிந்து உதிர்வதையும், குளியலறையின் மறுபக்கத்து அறையில் பெயிண்ட் குமிழ் விடுவதையும் பார்த்திருப்பீர்கள். ஓதம் டைலைச் சுற்றிக்கொண்டு போய், காற்று கிடைக்கும் முதல் இடத்தில் வெளிவருகிறது. பெயிண்டைச் சுரண்டித் திரும்பப் பூசுவதால் இது தீராது. ஓதத்தின் ஊற்று சுவரின் மறுபக்கத்தில், தொட்டி மூலையில் இருக்கிறது.

தண்ணீர் போகிற வழியில் செங்கல், மணல், சிமெண்ட் ஆகியவற்றிலிருக்கும் உப்புகளைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆவியாகும் இடத்தில் தண்ணீர் மட்டும் போய்விடும். உப்பு படிகமாக நின்றுவிடும். இவற்றில் மிகக் கொடியது சோடியம் சல்பேட். 32.4 டிகிரிக்குக் கீழே அது தண்ணீரோடு சேர்ந்த படிகமாக இருக்கும். அதற்கு மேலே தண்ணீரற்ற படிகமாக இருக்கும். தண்ணீரற்ற படிகம் தண்ணீரோடு சேரும்போது அதன் பருமன் நான்கு மடங்குக்கும் மேலாகிறது. நம் பகுதியில் பகல் வெப்பம் அந்த 32 டிகிரியைத் தாண்டுகிறது, இரவில் கீழே இறங்குகிறது. காற்றின் ஈரமும் ஏறி இறங்குகிறது. துளைக்குள் இருக்கும் உப்பு மறுபடி மறுபடி பெருத்து, பூச்சை உள்ளிருந்து பொடியாக்குகிறது. பெயர்த்த சுவரைக் கையால் தடவினால் மணல் மணலாக உதிர்வது இதனால்தான்.

இடைக்கோட்டில் வழியும் வெள்ளைத் திட்டு வேறு வகை. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரைந்து வெளியே வந்து, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. இங்கே நெய்வேலியின் இன்னொரு விளைபொருளுக்கும் இடம் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த போசோலானா சிமெண்டில், இந்தியத் தரவரையறைப்படி 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். அந்தச் சாம்பல் இந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொண்டு கூடுதல் வலுவாக மாற்றுகிறது. வெள்ளைத் திட்டும் குறையும். ஆனால் அந்த வினை மெதுவாக நடப்பது. ஆகவே அந்த சிமெண்டில் பூசிய சுவருக்குத் தண்ணீர் தெளிக்கும் நாட்களைக் குறைக்கவே கூடாது.

ஆசிட் செய்யும் கேடு

கறுத்த இடைக்கோட்டைப் பார்த்ததும் பல வீடுகளில் கை போவது ஆசிட் பாட்டிலுக்கு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் நுரைத்துப் பொங்கும், கோடு வெளுக்கும், மனம் நிறையும். நுரைத்தது அழுக்கு இல்லை, இடைக்கோட்டின் சுண்ணாம்பு. அமிலம் அதைக் கால்சியம் குளோரைடாக மாற்றுகிறது. அது தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஒவ்வொரு கழுவலுக்கும் இடைக்கோடு கொஞ்சம் தேய்ந்து, துளை பெரிதாகி, அடுத்த முறை இன்னும் அதிகத் தண்ணீரை உள்ளே விடுகிறது. மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவும் வீட்டில் டைல் சீக்கிரம் கழல்வதில் வியப்பில்லை.

கறுப்பு என்பது பெரும்பாலும் பூஞ்சை. சோப்புப் படிவும் ஈரமும் இருட்டும் கிடைத்தால் அது வளரும். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும், அதன்பின் நல்ல காற்றோட்டமும் போதும். பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் அதை மட்டும் தனியாகப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றில்லாத சிறு குளியலறையில் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டலாமா என்ற கேள்வி இப்போது எல்லா வீட்டிலும் வருகிறது. இடிக்கும் செலவும் தூசியும் மிச்சம் என்பது உண்மை. அதற்கென்றே பசைகளும் விற்கின்றன. காய்ந்த சுவரில், எல்லா டைலும் ‘டக்’ என்று கெட்டியாக ஒலித்தால் செய்யலாம். தொட்டியைச் சுற்றியுள்ள ஈரச் சுவரில் செய்யக் கூடாது. எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள டைல் சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. ஏற்கெனவே பிடி தளர்ந்த டைல் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீரும் அப்படியே அடைபட்டுவிடும்.

இடிக்கும் நாளில் முதலில் கவனிக்க வேண்டியது வேலை செய்கிறவர்களின் நுரையீரல். கட்டர் மெஷினால் டைலையும் சிமெண்டையும் உலர்வாக அறுக்கும்போது பறக்கும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. வாயில் துண்டு கட்டுவது போதாது. அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், துகள் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும், கண்ணாடிப் பூச்சின் சில்லு தெறிப்பதால் கண்ணுக்கும் கவசம் வேண்டும். இதற்கான செலவு ஒரு பெட்டி டைலின் விலைகூட வராது. வீட்டுக்காரர்தான் இதை வாங்கித் தர முன்வர வேண்டும்.

டைலை எடுத்ததும் உதிரும் பூச்சு முழுவதையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். பின்னர் சுவரை உலர விட வேண்டும். நெய்வேலியிலும் நெல்லிக்குப்பத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் உலராது. தை முதல் ஆனி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். உலர்ந்த செங்கலில் பூத்திருக்கும் உப்பை உலர்வாகவே பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மறுபடி சுவருக்குள் போய்விடும்.

புதுப் பூச்சை ரசமட்டம், தூக்குக்குண்டு வைத்து நேராகப் பூசி, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளித்து, அதன்பின் சில வாரங்கள் காய விடுவது அவசியம். சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி டைல் ஏறுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. பூசிய மறுநாளே டைல் ஒட்டினால் அந்தச் சுருக்கம் முழுவதையும் டைலின் பிடி தாங்க வேண்டிவரும்.

அடுத்தது நீர்த்தடுப்புப் பூச்சு. டைலும் இடைக்கோடும் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பி இதைத் தவிர்க்கிறோம். தண்ணீரைத் தடுக்க வேண்டியது டைலின் பின்னால் இருக்கும் இந்தப் படலம்தான். பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக அடிக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் இடத்திலும் தொட்டி மூலையிலும் வலைத்துணி வைத்து அதன்மேல் பூச வேண்டும். குழாய் சுவரிலிருந்து வெளிவரும் இடத்தைத் தனியாகக் கவனித்து அடைக்க வேண்டும். காய்ந்ததும் தொட்டியை நிரப்பி, குளியலறைத் தரையிலும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். மறுபக்கத்துச் சுவர் நனையவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே டைல் பெட்டியைத் திறக்கலாம்.

ஒட்டும்போது டைலின் வகையைப் பார்க்க வேண்டும். துளை நிறைந்த சுவர் டைலைச் சிமெண்ட் கலவையில் ஒட்டுவதென்றால் முன்பே தண்ணீரில் ஊற வைப்பது வழக்கம். ஊறாத டைல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இறுக வேண்டிய சிமெண்ட் பாதி வினையிலேயே காய்ந்துபோகும். விட்ரிஃபைடு டைலின் நிலை இதற்கு நேர்மாறு. அது தண்ணீர் குடிக்காது. ஆகவே சிமெண்ட் பால் அதன் முதுகுத் துளைகளில் வேர் விட முடியாது. அதற்குப் பாலிமர் கலந்த பசைதான் பிடிக்கும். இந்தியத் தரவரையறை ஐ.எஸ். 15477 டைல் பசைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பையின் மேல் அந்த எண்ணையும் வகையையும் பார்த்து, உங்கள் டைலுக்கும் ஈரச் சுவருக்கும் உரியதை வாங்குங்கள். எந்தப் பசையானாலும் பல் வைத்த கரணையால் சுவர் முழுக்க வரி வரியாக இழுத்துவிட்டு ஒட்ட வேண்டும். உருண்டை வைத்து ஒட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முதல் சில டைல்களில் ஒன்றை ஒட்டிய கையோடு கழற்றி, முதுகு முழுக்கப் பசை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டைல்களுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இடைக்கோட்டை எப்பாக்ஸி கொண்டு நிரப்பினால் தண்ணீரும் ஆசிட்டும் எளிதில் அண்டாது. செலவு கூடுதல்தான், தொட்டியைச் சுற்றியாவது அதைச் செய்யலாம். சுவரும் தொட்டியும் சேரும் மூலையில் மட்டும் சிமெண்டோ எப்பாக்ஸியோ வேண்டாம். அங்கே இழுபட்டுத் திரும்பும் சிலிக்கோன் வேண்டும். அதைப் பூசும்போது தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கட்டும். நிரம்பிய தொட்டி சுவரைத் தள்ளி மூலை இடைவெளியை அகலப்படுத்தியிருக்கும்; அந்த நிலையில் பூசிய சிலிக்கோன், தொட்டி காலியாகும்போது நெருங்கி அமுங்குமே தவிர இழுபட்டுக் கிழியாது. அக்ரிலிக் குளியல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அது சிமெண்ட் தொட்டியைவிடப் பல மடங்கு வளையும்.

தரைச் சரிவு வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். குளித்த பிறகு ஜன்னலைத் திறந்து விடுங்கள், அல்லது காற்றாடியைப் போடுங்கள். தேங்காத தண்ணீரும் நகரும் காற்றும் இருக்கும் குளியலறையில், எந்தப் பசைக்கும் பாதி வேலை மிச்சம்.

குளியலறைக்கு டைல் வாங்கப் போகும்போது நாம் பல மணி நேரம் நிறமும் பூவும் பார்க்கிறோம். சுவருக்குப் பின்னால் என்ன போடப் போகிறோம் என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இனி மேஸ்திரியிடம் விலை பேசும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: பழைய பூச்சை முழுக்க எடுப்பீர்களா? சுவர் எத்தனை நாள் காயும்? நீர்த்தடுப்புப் பூச்சுக்குப் பிறகு ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்ப்போமா? தொட்டி மூலையில் சிலிக்கோனா, சிமெண்டா? இந்த நான்குக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டால், டைல் என்ன நிறமாக இருந்தாலும் நிற்கும். பதில் கிடைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைலும் நிற்காது.